சீத்தா கேம்ப்பின் சீனச் சுவை: வாங்கியவர்கள் எழுதிய வரலாறு

மும்பையின் கிழக்கு ஓரத்தில், டிராம்பே கழிமுகத்தை ஒட்டியிருக்கிறது சீத்தா கேம்ப். தமிழ் பேசும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் இந்துக்களும் மற்ற பல மொழிக்காரர்களோடு நெருக்கியடித்து வாழும் குடியிருப்பு இது. மும்பையின் எந்த உழைப்பாளர் பகுதியையும் போல இங்கும் விடியற்காலை பாவு ரொட்டியில் தொடங்குகிறது; சாயங்காலம் சைனீஸ் வண்டியில் முடிகிறது. பாவும் அந்த வண்டி நூடுல்ஸும் ஒரே மைதா மாவில் பிறந்தவை. நகரத்தின் பேக்கரிகளிலும் தின்பண்டக் கடைகளிலும் அவை ஒன்றாகவே கலந்துவிட்டன. காரி பிஸ்கட்டுக்கும் நான்கட்டாய்க்கும் பக்கத்தில் நூடுல்ஸ் அடைத்த சைனீஸ் சமோசா இருக்கிறது. பாவுக்குள் மஞ்சூரியன் உருண்டையும் செஷ்வான் சட்னியும் போகின்றன. இவற்றைச் செய்பவர்களில் சீனர் அநேகமாக ஒருவரும் இல்லை. மும்பையில் சீனர்கள் உணவகம் நடத்தினார்கள். பேக்கரித் தொழிலோ கோவாக்காரர், இரானியர், உத்தரப் பிரதேச முஸ்லிம்கள் என்று கை மாறி வந்தது. சீனர் கைபடாத ஒரு சீனச் சுவை, தமிழர்கள் வாழும் ஒரு மறுகுடியமர்வுப் பகுதியின் அன்றாடமாக எப்படி ஆயிற்று? அதை ஆக்கியவர்கள் வாங்கித் தின்றவர்கள் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். பேக்கரி மேடையின் உட்புறம் நின்றவர்களின் வரலாறு ஓரளவு எழுதப்பட்டுவிட்டது. வெளிப்புறம் சில்லறையோடு நின்றவர்களின் வரலாறு இன்னும் எழுதப்படவில்லை.

இப்படி எழுதுவதில் ஒரு சிக்கல் உண்டு. கடை நடத்தியவருக்கு உரிமம் இருக்கும், கணக்குப் புத்தகம் இருக்கும், சுவரில் நிறுவனரின் படம் இருக்கும். மெரீன் லைன்ஸில் கயானி 1904இல் தொடங்கியதும், கிராண்ட் ரோடில் மெர்வான் 1914இல் தொடங்கியதும் நமக்குத் தெரிகிறது. அங்கே முதல் ஆண்டு தேநீர் குடித்த துறைமுகக் கூலி யார் என்பது தெரியாது. வாடிக்கையாளர் ஆவணம் விட்டுச் செல்வதில்லை. ஆனால் தடயம் விட்டுச் செல்கிறார். ஒரு பண்டம் எந்த அளவில் விற்கிறது, எத்தனை மணிக்குச் சூடாகக் கிடைக்கிறது, பாதித் தட்டு உண்டா, கடன் உண்டா, நின்று தின்பதா உட்கார்ந்து தின்பதா என்பவையெல்லாம் வாங்குபவரின் பணப்பையும் நேரமும் சாதியும் பல்லும் நாக்கும் சேர்ந்து தீர்மானித்தவை. கடைக்காரர் அதற்கு வளைந்து கொடுத்தார், அல்லது கடையை மூடினார். ஆகவே பண்டத்தின் வடிவத்தையே சான்றாக வைத்துக்கொண்டு வாங்கியவரை நோக்கிப் பின்னால் நடக்க முடியும்.

முதலில் பாவை எடுத்துக்கொள்வோம். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கோவாவுக்குக் கொண்டுவந்த ரொட்டி அது. ஈஸ்ட் கிடைக்காத இடத்தில் கள்ளை ஊற்றி மாவைப் புளிக்க வைத்தார்கள் கோவாவின் கிறிஸ்தவ ரொட்டிக்காரர்கள். பம்பாய் வளர்ந்தபோது அவர்களில் பலர் இங்கே வந்து பேக்கரி வைத்தனர். கள்ளும் வேற்றுச் சாதிக் கையும் பட்ட பண்டம் என்பதால் சாதி இந்துக்களின் வீடுகளில் நெடுங்காலம் அதற்கு இடமில்லை. அதை வாங்கியவர்கள் வேறு ஆட்கள்: துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், பஞ்சாலையில் ஷிப்ட் பார்த்தவர்கள், ஒரே அறையில் பத்துப் பேராகத் தங்கி அடுப்பு வைக்க இடமில்லாமல் இருந்த ஆண்கள். அடுப்பில்லாதவனுக்குச் சோறு ஒரு பெரிய ஏற்பாடு. பாவு கையை நீட்டினால் கிடைப்பது. ஒரு வேளைக்கு இரண்டு வாங்கலாம், ஒன்றும் வாங்கலாம். ஒட்டிக்கொண்டு வேகும் லாதியிலிருந்து வேண்டிய அளவு பிய்த்துக் கொடுக்கும் வழக்கம், கூலி நாளுக்கு நாள் கைக்கு வந்த ஒரு நகரத்துக்கு அப்படியே பொருந்தியது. 1966 வாக்கில் தாதர் ரயில் நிலையத்தின் வெளியே அசோக் வைத்யா அந்தப் பாவுக்குள் உருளைக்கிழங்கு வடையை வைத்து விற்கத் தொடங்கியதாகச் சொல்வார்கள். அவருக்கு முன்னால் நின்றவர்களும் ரயிலைப் பிடிக்க ஓடிய ஆலைத் தொழிலாளிகள்தான்.

பம்பாய்க்கு வந்த தமிழர்களுக்கு இதில் இன்னொரு பொருளும் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்து சேர்ந்தனர். அவர்கள் விட்டு வந்த ஊர்களில் தேநீர்க் கடையில்கூடத் தனிக் குவளை இருந்தது. சென்னை நகரத்திலேயே ‘பிராமணாள்’ என்ற சொல்லை உணவகப் பலகையிலிருந்து எடுக்கச் சொல்லி, 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியாரின் திராவிடர் கழகத்தார் மறியல் செய்ய வேண்டியிருந்தது. பம்பாயிலும் தென்னிந்திய உணவு என்றால் மாட்டுங்காதான் நினைவுக்கு வரும். கபே மெட்ராஸ் 1940இலும் ராமா நாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் 1942இலும் அங்கே தொடங்கப்பட்டன. அந்த வட்டாரம் அலுவலகம் போகும் நடுத்தர வர்க்கத்தின் வட்டாரம். தோல் கிடங்கிலிருந்து வந்தவன் தயங்காமல் போய் நின்ற மேடைகளில் முதன்மையானது முஸ்லிமோ இரானியரோ நடத்திய பேக்கரியின் மேடை. காசைக் கொடுத்தால் பாவு கிடைக்கும், சாதி கேட்கப்படாது. மைதா ரொட்டியை வெறும் மலிவு உணவு என்று ஒதுக்குபவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். மரியாதையோடு வாங்கக் கிடைத்த உணவு என்பது அந்தத் தலைமுறைக்குச் சின்ன விஷயமாக இருந்திருக்க முடியாது.

அரசும் இந்தப் பழக்கத்துக்குத் துணை நின்றது. 1956இல் அமெரிக்காவோடு செய்துகொண்ட பி.எல். 480 ஒப்பந்தத்தின் கீழ் கோதுமை கப்பல் கப்பலாக இந்தியாவுக்கு வந்தது. ரொட்டியைப் பரவலாக்க 1965இல் மாடர்ன் பேக்கரீஸ் என்ற பொதுத்துறை நிறுவனமே தொடங்கப்பட்டது. பின்னர் 2000இல் அது இந்துஸ்தான் லீவருக்கு விற்கப்பட்டது. அறுபதுகளின் நடுவில் தமிழகத்தில் அரிசி கிடைப்பதே பாடாக இருந்தது. 1967 தேர்தலில் படி அரிசி பேசுபொருளானதை நாம் மறக்கவில்லை. அந்தப் பஞ்ச காலத்தில் ரயிலேறிய தமிழர்கள், கோதுமை மலிந்த நகரத்தில் வந்து இறங்கினார்கள். சோறு தின்று வளர்ந்த நாக்கு பாவுக்குப் பழகியது அந்த நெருக்கடியில்தான்.

இனி சீத்தா கேம்ப்புக்கு வருவோம். அதன் முன்கதை ஜனதா காலனி. நகரத்தின் வேறு பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட ஏழைகள் மான்கூர்ட் பக்கம் குடியமர்ந்து தாங்களே கட்டிய ஊர் அது. பக்கத்தில் 1954இல் அணுசக்தி நிலையம் அமைந்தது. 1967இல் அதற்குப் பாபா அணு ஆராய்ச்சி மையம் என்று பெயர் வந்தது. நிலையம் வளர வளர அந்த நிலமும் அதற்குத் தேவைப்பட்டது. கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஜோக்கின் அற்புதம் என்ற தமிழ் இளைஞர் காலனி மக்களைத் திரட்டி நீதிமன்றத்திலும் வீதியிலும் ஆண்டுக்கணக்கில் போராடினார். தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பு அந்தப் போராட்டத்திலிருந்து வளர்ந்தது. அவருக்கு 2000இல் மகசேசே விருது கிடைத்தது. ஆனால் காலனியைக் காப்பாற்ற முடியவில்லை. அவசரநிலைக் காலத்தில், 1976இல், சுமார் 70,000 பேர் காவல்துறையின் முன்னிலையில் வெளியேற்றப்பட்டு, கழிமுகத்துச் சதுப்பு நிலத்தில் சிறு சிறு மனைகளில் விடப்பட்டார்கள். அந்த நிலம்தான் சீத்தா கேம்ப்.

இடமாற்றத்தின்போது அரசு கணக்கெடுப்பது வீடுகளை. கடைக்கும் வாடிக்கைக்கும் கணக்கு கிடையாது. ஒரு மளிகைக் கடைக்காரர் இருபது வருடமாக யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்று அறிந்து வைத்திருந்த அறிவு, எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு எத்தனை பாவு போகும் என்று பேக்கரிச் சைக்கிள்காரர் மனப்பாடமாக வைத்திருந்த கணக்கு ஆகியவை லாரியில் ஏற்றப்படுவதில்லை. புது இடத்தில் தண்ணீர்க் குழாய், விளக்கு, பள்ளி ஒவ்வொன்றுக்கும் மக்கள் மனுப் போட்டு அலைய வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட ஊரில் சமைக்காமல் தின்னக் கிடைக்கும் உணவுக்கு மதிப்புக் கூடிவிடும். மண்ணெண்ணெய் வரிசையில் நிற்க நேரமில்லாதவர், பக்கத்து அடுக்குமாடிகளில் வீட்டு வேலைக்கு விடியும் முன் கிளம்பும் பெண், கட்டட வேலைக்குக் கூலியாள் எடுக்கும் நாகா முனையில் நிற்கப் போகிறவர் ஆகிய எல்லோருக்கும் காலை உணவு என்பது டீயும் பாவும்தான். பேக்கரியை ஒரு குடியிருப்பின் ஆடம்பரம் என்று நினைப்பது தவறு. இப்படிப்பட்ட ஊர்களில் அது தண்ணீர்க் குழாய்க்கு அடுத்த தேவை.

இப்போது சீனர்களின் கதை. பம்பாய்க்கும் காண்டனுக்கும் பருத்தி, அபின், தேயிலை வணிகம் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே நடந்தது. கப்பல்களில் வந்த சீன மாலுமிகளும் தச்சர்களும் மஜ்காவ் துறைமுகப் பக்கம் தங்கினார்கள். அவர்கள் 1919இல் கட்டிய சீ யுப் கூன் கோயில் டாக்யார்டு ரோடு அருகே இன்றும் இருக்கிறது. பல் மருத்துவம், செருப்புக் கடை, அழகு நிலையம், உணவகம் என்று அந்தச் சமூகம் நகரத்தில் வேர் பிடித்தது. 1962 போர் அதை உலுக்கிவிட்டது. எல்லைப்புற மாநிலங்களிலிருந்து சுமார் 3,000 சீன வம்சாவளியினர் பிடிக்கப்பட்டு ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டார்கள். சிலர் 1967 வரை அங்கேயே கிடந்தார்கள். பம்பாயிலும் கல்கத்தாவிலும் இருந்தவர்கள் காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு, சந்தேகப் பார்வையில் வாழ வேண்டியதாயிற்று. இங்கேயே பிறந்தவர்களும் கனடாவுக்கும் மற்ற நாடுகளுக்கும் போனார்கள். மிச்சமிருந்தவர்களுக்குச் சந்தேகம் தொடாத ஒரு தொழில் கிடைத்தது. அது சமையல்.

அந்தச் சமையல் முதலில் பணக்காரர்களுடையதாக இருந்தது. கொலாபாவின் நான்கிங், சர்ச்கேட்டின் கம்லிங் போன்றவை மேட்டுக்குடியின் மாலைப் பொழுதுகள். 1973இல் தாஜ் விடுதி கோல்டன் டிராகனைத் திறந்து சிச்சுவான் (தெரு வழக்கில் செஷ்வான்) காரத்தை அறிமுகப்படுத்தியது. 1975இல் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவின் சமையலறையில், கல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங், பட்டியலில் இல்லாத ஏதாவது வேண்டும் என்று கேட்ட வாடிக்கையாளருக்காகக் கோழித் துண்டுகளைச் சோளமாவில் புரட்டிப் பொரித்தார். இந்தியத் தாளிப்பைப் போல வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாயில் தொடங்கி, கரம் மசாலாவுக்குப் பதில் சோயா சாஸ் ஊற்றினார். மஞ்சூரியன் பிறந்த கதை அதுதான். சீனத்தின் எந்த மாகாணத்திலும் இல்லாத உணவு அது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் சமையல்காரரின் கற்பனையைப் புகழ்கிறார்கள்; அந்தப் புகழ் அவருக்கு உரியது. ஆனால் கேள்வி மேசையிலிருந்து வந்தது என்பதையும், பதில் அந்த நாக்குக்கு ஏற்றதாக அமைந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மேசையிலிருந்து தெருவுக்கு அது இறங்கியதைப் புரிந்துகொள்ள எண்பதுகளைப் பார்க்க வேண்டும். 1982 ஜனவரி 18 அன்று தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் 2.5 லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். பல ஆலைகள் மறுபடி திறக்கவேயில்லை. வேலை இழந்த குடும்பங்கள் தெருவில் வண்டி போட்டன. 1983இல் மேகி வந்து நூடுல்ஸை வீட்டுப் பிள்ளைகளின் பண்டமாக்கியது. கல்கத்தாவின் சீனக் குடும்பங்கள் ஐம்பதுகளிலிருந்து காய்ச்சி வந்த சோயா, மிளகாய் சாஸ்களின் வழியில் மலிவு சாஸ்கள் பெருகின. இரும்புச் சட்டி ஒன்று, பெரிய தீ ஒன்று, முட்டைகோஸ் மூட்டை ஒன்று இருந்தால் கடை தயார். நேபாளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்த இளைஞர்களோடு மராத்திப் பையன்களும் தமிழ்ப் பையன்களும் அந்தச் சட்டியைப் பிடித்தார்கள். பேல் பூரி தின்று பழகிய நகரம் பொரித்த நூடுல்ஸை நொறுக்கிச் சைனீஸ் பேல் செய்தது. உழைத்துக் களைத்த பசிக்கு ஏற்றாற்போல நூடுல்ஸும் சோறும் குழம்பும் ஒரே தட்டில் வரும் டிரிப்பிள் செஷ்வான் ரைஸ் உருவானது. கையில் உள்ள காசுக்கு ஏற்ப ‘ஹாப்’ என்று கேட்டால் அரைத் தட்டு கிடைத்தது. இவற்றில் எதுவும் கொலாபா உணவகத்தின் பட்டியலிலிருந்து வந்ததில்லை. எல்லாம் வண்டிக்கு முன்னால் நின்றவர்கள் கேட்டுக் கேட்டு உண்டானவை.

பேக்கரிக்குள் இது நுழைந்ததும் அதே வழியில்தான். பேக்கரியின் பலம் மூன்று: மைதா, சூடு, மலிவு. வாடிக்கையாளர் வண்டியில் ருசித்ததைப் பள்ளி இடைவேளையிலும் ரயிலிலும் கையில் பிடித்துத் தின்ன விரும்பினால், பேக்கரி அதை மாவுக்குள் வைத்து மூடித் தர வேண்டும். சைனீஸ் சமோசாவும் செஷ்வான் தடவிய வடா பாவும் இந்த விருப்பத்தின் விளைவு. இது மும்பைக்கு மட்டும் உரியதும் இல்லை. இலங்கையில் யாழ்ப்பாணம் முதல் கொழும்பு வரை எந்தப் பேக்கரியிலும் தேநீர்க் கடையிலும் சைனீஸ் ரோல்ஸ் கிடைக்கும். மெல்லிய மாவு அடையில் உருளைக்கிழங்கும் இறைச்சியோ மீனோ வைத்துச் சுருட்டி, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்தது அது. உள்ளே இருப்பது முழுக்க இலங்கை மசாலா. அங்கும் அதைச் செய்பவர்கள் சீனர் இல்லை. தின்பவர்களின் நாக்கே அதன் செய்முறையை நிர்ணயித்தது.

சீனர் கையால் சுட்டதைத் தமிழர் வாங்கித் தின்ற ஊர்களும் உண்டு. மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் மற்ற சீனர்களை விடத் தாமதமாக வந்த ஹைனான் தீவினர், நல்ல தொழில்கள் ஏற்கெனவே மற்றவர் கையில் இருந்ததால், வெள்ளைக்காரர் வீடுகளிலும் கப்பல்களிலும் சமையல்காரர்களானார்கள். அங்கே கற்ற ரொட்டியையும் கேக்கையும் கொண்டு காப்பிக் கடைகளும் பேக்கரிகளும் வைத்தார்கள். தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்ந்த காயா தடவிய ரொட்டி அங்கிருந்து வந்தது. 1944இல் லோய் ஆ கூன் தொடங்கிய யா குன் இன்றும் அதை விற்கிறது. அந்தக் கடைகளின் வாடிக்கையாளர்களில் துறைமுகத்திலும் நகராட்சியிலும் உழைத்த தமிழர்களும் இருந்தார்கள். பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் தாங்களே பேக்கரி வைத்துச் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் ரொட்டியைத் தெருத் தெருவாகக் கொண்டு போனார்கள். அங்கே சீனரும் தமிழரும் மேடையின் இரு புறமும் முகம் பார்த்து நின்றார்கள். ஒருவர் சுவை மற்றவர் கைக்குள் போயிற்று. பம்பாயில் அந்த நேர்முகம் ஏற்படவில்லை. சீனர்களின் எண்ணிக்கை இங்கே சிறியது. 1962க்குப் பின் இன்னும் சுருங்கியது. சுவை மட்டும் கடந்து வந்தது.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடிய முதல் மறுப்பு, இதெல்லாம் போலி என்பது. உண்மையான சீன உணவுக்கும் சீத்தா கேம்ப் வண்டிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பார்கள். அப்படிக் கேட்பவர்கள் உண்மையான சீன பேக்கரி என்று எதைக் காட்டுவார்கள் என்று பார்ப்போம். ஹாங்காங்கின் புகழ்பெற்ற முட்டை டார்ட்டின் மூலம் ஆங்கிலேயரின் கஸ்டர்டு டார்ட். அது இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலிவான தேநீர்க் கடைகளில் உழைப்பாளிகளுக்கு விற்கப்பட்டுச் சீனப் பண்டமாயிற்று. கடைசி ஆங்கில ஆளுநர் கிறிஸ் பாட்டனே தாய் சியோங் பேக்கரியின் டார்ட்டுக்கு ரசிகர். மக்காவின் டார்ட் போர்த்துக்கீசிய வழி வந்தது. அதை இன்றைய வடிவில் பரப்பியவர் 1989இல் அங்கே பேக்கரி திறந்த ஆங்கிலேயரான ஆண்ட்ரூ ஸ்டோ. சீனரின் பேக்கரிகளே இப்படி வாங்கியவர்களின் ஆசைப்படி உருவானவை என்றால், மும்பை வண்டியை மட்டும் போலி என்று ஒதுக்க நியாயமில்லை. ஒரு பண்டம் எங்கே தொடங்கியது என்பதை மட்டும் வைத்து அதன் உண்மையை அளந்தால் நம் இட்லிப் பொடியில் உள்ள மிளகாய்க்கும் தமிழ்நாட்டில் இடமிருக்காது.

இரண்டாவது மறுப்பு கனமானது. வாங்கியவர்களைத் தூக்கிப் பிடிக்கும்போது, விரட்டப்பட்டவர்களை மறைக்கிறோம் என்பது அது. பெயரை வைத்துக்கொண்டு ஆட்களை மறந்த ஒரு நகரத்துக்கு இந்த வாதம் நல்ல சாக்காகிவிடும். இதை நான் முழுமையாக ஏற்கிறேன். சைனீஸ் என்ற பெயர் தெருத் தெருவாகப் பரவிய அதே காலத்தில், அந்தப் பெயருக்கு உரியவர்கள் இந்த நாட்டில் அந்நியராகப் பதிவு செய்யப்பட்டார்கள் என்பது வெட்கத்துக்குரியது. ஆனால் அந்தக் குற்றம் அரைத் தட்டு நூடுல்ஸ் வாங்கியவருடையது இல்லை, அரசினுடையது. இந்த வரலாற்றை வாங்குபவர் பக்கமிருந்து படித்தால் விரட்டப்பட்டவர்கள் மறைவதற்கு மாறாக நெருங்கி வருகிறார்கள் என்பது என் நம்பிக்கை. 1962இல் ஓர் அரசு, பாதுகாப்பு என்ற பெயரில் ஒரு சமூகத்தை வீடுகளிலிருந்து பிடுங்கியது. 1976இல் அதே அரசு, அணுசக்தி நிலையத்தின் தேவை என்ற பெயரில் இன்னொரு மக்கள் கூட்டத்தைப் பிடுங்கியது. சிறை முகாமும் மறுகுடியமர்வும் ஒன்றில்லை. துன்பத்தின் அளவும் ஒன்றில்லை. ஆனாலும் முதல் கூட்டத்தின் சுவை இரண்டாம் கூட்டத்தின் மாலை உணவானது, நாம் நினைவில் வைத்திருக்க வேண்டிய உறவு. அந்த உணவைத் தின்னும் ஒரு தமிழ் இளைஞனுக்குத் தேவ்லி முகாமின் கதை தெரிந்திருந்தால், தன் பாட்டி ஜனதா காலனியிலிருந்து வந்த கதையும் அவனுக்கு வேறு மாதிரிப் புரியும்.

மூன்றாவது மறுப்பு உடல்நலம் பற்றியது. மைதாவும் பொரித்த எண்ணெயும் செயற்கை நிறமும் ஏழையின் உடலைக் கெடுக்கின்றன. இதை விருப்பம் என்று சொல்வது வறுமையை அலங்கரிப்பது என்பார்கள். சீத்தா கேம்ப் அடங்கிய எம் கிழக்கு வார்டு, 2009இல் வந்த மும்பை மானுட வளர்ச்சி அறிக்கையில் நகரத்தின் வார்டுகளிலேயே கடைசி இடத்தில் இருந்தது. இந்தக் கவலை நியாயமானது. ஆனால் பழியை யார் மேல் வைப்பது என்பதில் தெளிவு வேண்டும். 2016இல் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் டெல்லியில் ஆராய்ந்த 38 ரொட்டி வகைகளில் 84 சதவீதத்தில் பொட்டாசியம் புரோமேட் அல்லது அயோடேட் இருந்தது. அதன் பிறகே அந்த ஆண்டு புரோமேட் தடை செய்யப்பட்டது. சோதிக்கப்பட்டவற்றில் பெயர் பெற்ற பெரிய நிறுவனங்களின் ரொட்டிகளும் துரித உணவுக் கடைகளின் பீட்சாவும் இருந்தன. உணவின் தரம் கண்காணிப்பவரின் கடமை. அதை மேடைக்கு வெளியே நிற்பவரின் அறியாமை என்று திருப்பிவிடக் கூடாது. குறுகிய வழிகளுக்குள்தான் இந்த மக்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்பது உண்மை. குறுகிய இடத்தில் நடந்த தேர்வும் தேர்வுதான். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து சமைப்பதற்குப் பதில் பாவு வாங்கி அரை மணி நேரம் கூடுதலாகத் தூங்கிய ஒரு பெண்ணின் முடிவில் இருந்த அறிவை, சத்து அட்டவணை காட்டாது.

இந்த விவாதம் பழங்கதையைப் பற்றியது மட்டுமல்ல. 2025 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் நகரத்தின் காற்று மாசு வழக்கில், விறகும் கரியும் எரிக்கும் பேக்கரிகளை ஆறு மாதத்துக்குள் எரிவாயுவுக்கோ மின்சாரத்துக்கோ மாற்ற உத்தரவிட்டது. சுத்தமான காற்று வேண்டும் என்பதில் எந்தக் கருத்து வேறுபாடும் இருக்க முடியாது. தேவனார் குப்பைமேடும் சுத்திகரிப்பு ஆலைகளும் சூழ்ந்த கிழக்குப் புறநகர் மக்களுக்கு அது மற்றவர்களைவிட அதிகமாகவே தேவை. ஆனால் மாற்றத்தின் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்குப் பழைய உதாரணம் ஒன்று எச்சரிக்கை தருகிறது. 1996இல் உச்ச நீதிமன்றம் கல்கத்தாவின் தோல் பதனிடும் கூடங்களை நகரத்துக்கு வெளியே மாற்ற உத்தரவிட்டபோது, தாங்க்ராவில் தலைமுறைகளாக அந்தத் தொழிலைச் செய்த சீனக் குடும்பங்களில் பல அதைக் கைவிட்டன. உணவகம் வைத்தார்கள், அல்லது நாட்டைவிட்டுப் போனார்கள். உத்தரவின் நோக்கம் சரி. சிறு தொழிலுக்குக் கைகொடுக்காமல் அதை நிறைவேற்றும்போது, தொழிலும் அதைச் சுற்றிய மக்களும் சேர்ந்து கலைகிறார்கள். புது அடுப்புக்கு மானியமும் கால அவகாசமும் தராவிட்டால் சின்ன பேக்கரிகள் மூடப்படும். அப்போது பாவின் விலை ஏறும். ஒரு ரூபாய் ஏற்றமும் பல்பொருள் அங்காடியில் ரொட்டி வாங்குபவருக்குத் தெரியாது. தினம் பத்துப் பாவு வாங்கும் வீட்டுக்குத் தெரியும்.

ஆகவே இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று மாநகராட்சியுடையது. அடுப்பை மாற்றச் சொல்லும் அறிவிப்போடு, மாற்றுவதற்கான பணத்தையும் வழியையும் சிறு பேக்கரிகளுக்குச் சேர்த்துத் தர வேண்டும். மற்றது நம்முடையது. ஜனதா காலனியில் சிறுபிள்ளைகளாக இருந்து 1976 வெளியேற்றத்தைக் கண்ட தலைமுறை இப்போது அறுபதை எட்டிக்கொண்டிருக்கிறது. புது நிலத்தில் முதல் பேக்கரி எந்தத் தெருவில் வந்தது, யார் கடன் கொடுத்தார்கள், முதல் சைனீஸ் வண்டி எந்த ஆண்டு நின்றது, அதில் அவர்கள் முதலில் என்ன வாங்கித் தின்றார்கள் என்பதெல்லாம் அவர்கள் நினைவில் மட்டும் இருக்கின்றன. தேவனாரில் டாடா சமூக அறிவியல் நிறுவனம் இருக்கிறது. மும்பையில் தமிழ் அமைப்புகளும் தமிழ் படித்த இளைஞர்களும் இருக்கிறார்கள். ஒரு கைபேசிப் பதிவியும் சில ஞாயிற்றுக்கிழமைகளும் போதும். சீத்தா கேம்ப்பில் உங்களுக்குப் பெரியம்மாவோ தாத்தாவோ இருந்தால், அவர்களிடம் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்; சொல்வதைப் பெயரோடும் ஆண்டோடும் எழுதி வையுங்கள்.